தாம்பரத்தைச் சுற்றி வீடு தேடும் ஒரு குடும்பம்: நான்கு பகுதிகளின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு தேடுகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் விலையில் தொடங்கும். பிறகு பள்ளிக்கூடம், மருத்துவமனை, மெட்ரோ எப்போது வரும் என்று போய், கடைசியில் "மழைத் தண்ணீர் நிற்குமா?" என்பதில் முடியும். "இந்தப் பக்கமெல்லாம் நிற்காது சார்" என்று தரகர் சொல்லுவார். அந்தப் பேச்சு அத்தோடு சரி. இந்த ஆய்வில் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். சமையலறையை இடித்துக் கட்டலாம், பிள்ளையின் பள்ளியை மாற்றலாம், வேலையே கூட மாறலாம். தெரு இருக்கும் மட்டத்தை மட்டும் வீட்டுக்காரர் மாற்ற முடியாது.

கணக்கு பிடிபடுவதற்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, வாரம் 6 நாள் போக வேண்டும். மனைவிக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, வாரம் 3 நாள் அலுவலகம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். முழங்கால் வலியோடு இருக்கும் மாமியார். மாதம் ஒருமுறையாவது மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். பத்திரச் செலவு, தரகு எல்லாம் சேர்த்து கையில் 75 லட்சம். அவர்கள் பார்த்துவைத்த இடங்கள் நான்கு: முடிச்சூரில் தனி வீடு, பெரும்பாக்கத்தில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு, ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு ஃபிளாட், சேலையூர்–ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் பதினைந்து வருடப் பழைய ஃபிளாட். குடும்பம் மாதிரிதான், ஊர்களும் நீர்வழிகளும் சட்டங்களும் உள்ளபடியே.

நீர் எந்தப் பக்கம் போகிறது

தாம்பரம் பகுதியில் ஜிஎஸ்டி சாலையும் அதை ஒட்டிய ரயில் பாதையும் ஏறத்தாழ ஒரு நீர்ப்பிரிமேட்டின் மேல் போகின்றன. மேற்கே பெய்கிற மழை அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே பெய்கிற மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. இந்த இரண்டு பக்கத்து வெள்ளமும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. வீடு பார்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முடிச்சூர், வரதராஜபுரம் என்றாலே பலரும் "செம்பரம்பாக்கம் திறந்தால்தானே ஆபத்து?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே பிழை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே ஆற்றில் வரும் நீர் நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர், சோமங்கலம் என்று மேல்பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வருவது. 2015 டிசம்பர் 1–2 இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது பெரிய செய்தியாயிற்று. ஆனால் முடிச்சூர் அதற்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே மூழ்கியிருந்தது. ஆகவே ஏரித் திறப்பு அறிவிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இங்கே முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது. பார்க்க வேண்டியது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிகிறதா என்பது. தாம்பரத்தில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பது. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர்.

2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் கட்டினார்கள். அதனால் பயன் உண்டு: முன்பு இரண்டு நாள் நின்ற தெருக்களில் இப்போது நீர் சீக்கிரம் வடிகிறது. ஆனாலும் 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தாழ்வான நகர்களுக்குள் நீர் புகுந்தது. கால்வாய் கட்டியாகிவிட்டது என்று தரகர் சொன்னால், அது எந்த அளவு மழைக்கு ஈடுகொடுத்தது என்று கேட்க வேண்டும். 10 சென்டிமீட்டர் மழையில் தப்பித்த தெரு 30 சென்டிமீட்டரில் தப்பிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

கிழக்குப் பக்கத்துக் கதை வேறு. சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்கும் இறங்குகிறது. இப்படி 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் நீர் அந்தச் சதுப்பில் சேருகிறது. வெளியேற முக்கிய வழி ஒக்கியம் மடுவு ஒன்றுதான். அதிலிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு பக்கம் கடல். கடல் ஏற்றமாக இருந்தால் கால்வாயில் நீர் நகராது, மடுவிலும் நகராது. இதனால்தான் அடையாற்றுப் பக்கம் வெள்ளம் வேகமாக வந்து வேகமாகப் போகிறது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் மெதுவாக ஏறி நாட்கணக்கில் நிற்கிறது. வேகமான வெள்ளம் சுவரைச் சாய்க்கும், வாகனத்தை இழுத்துப்போகும். நிற்கும் வெள்ளம் கழிவுத்தொட்டியையும் நிலத்தடி நீர்த்தொட்டியையும் ஒன்றாக்கிவிடும், மின்சாரத்தை நாட்கணக்கில் நிறுத்தும். குடும்பத்தில் நடக்க முடியாத ஒருவர் இருந்தால் நிற்கும் வெள்ளம்தான் அதிகக் கஷ்டம். மின்தூக்கி ஓடாது, ஆம்புலன்ஸ் வராது.

கிழக்குப் பக்கத்திலும் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. ஏரியின் கரைக்கு மேல்புறம், அதாவது ஏரிக்கு நீர் வருகிற பக்கம், பொதுவாக நல்ல மட்டம். கலங்கலுக்குக் கீழே, உபரிநீர் போகும் ஓடையை ஒட்டிய தெரு ஆபத்து. கரைக்கு நேர் கீழே இருக்கும் முன்னாள் ஆயக்கட்டு நிலம், அதாவது ஒரு காலத்தில் அந்த ஏரி பாய்ச்சிய வயல், பெயரில் எத்தனை 'கார்டன்' 'அவென்யூ' சேர்த்தாலும் வயல் மட்டத்திலேயே இருக்கும். நீர் பாய வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் வயலை ஏரியைவிடத் தாழ வைத்தார்கள்.

தெருவில் நின்று பார்க்க வேண்டியவை

கூகுள் எர்த்தில் ஒரு புள்ளியின் உயரம் இத்தனை மீட்டர் என்று காட்டுவதை நம்பி வீடு வாங்கக் கூடாது. அந்தத் தரவில் சில மீட்டர் பிழை வரும். நமக்கு வேண்டியதோ அரை அடி, ஒரு அடிக் கணக்கு. கூகுள் எர்த் வேறொரு வேலைக்கு மிகவும் உதவும். அதன் கணினிப் பதிப்பில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். 2005-க்கு முன்பிருந்து நகர்த்திக்கொண்டே வந்தால் நீங்கள் பார்த்த மனை வயலாக இருந்ததா, குட்டையாக இருந்ததா, ஓடை எப்போது காணாமல் போனது என்பது கண்ணுக்குத் தெரியும். 2015 டிசம்பரை ஒட்டிய படம் கிடைத்தால் அதை விடக் கூடாது.

மட்டம் பார்க்க கொத்தனாரிடம் இருக்கும் நீர்மட்டக் குழாய் போதும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், 10 அல்லது 15 மீட்டர் நீளம், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் நீர். ஒரு முனையைச் சாலையின் நடுமேட்டிலும் மறுமுனையை வீட்டின் தரைமட்டத்திலும் பிடித்தால் வித்தியாசம் அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். வீட்டுக்கும் சாலைக்கும், பிறகு அந்தத் தெருவின் இரண்டு முனைகளுக்கும், முடிந்தால் அருகிலுள்ள கால்வாய்க் கரைக்கும் பாருங்கள். கொத்தனாருக்கு அரைநாள் கூலி கொடுத்தால் வேலை முடிந்துவிடும். வீட்டுத் தரை சாலையைவிட 2 அடியாவது உயரமாக இருக்க வேண்டும். அதுவும் 2015 வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் போதாது.

சாலை உயர்ந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். உள்தெருக்களில் அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் 2, 3 அங்குலம் ஏறினால் பதினைந்து வருடத்தில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். அந்தத் தெருவில் பழைய வீடுகளின் கேட் சாலையைவிட எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே கடந்த காலம் தெரியும்.

வெள்ளம் வந்ததை மனிதர் மறைத்தாலும் கட்டடங்கள் மறைப்பதில்லை. மின்மீட்டர் பெட்டியை முன்பு இருந்த இடத்திலிருந்து 5 அடி உயரத்துக்கு மாற்றியிருப்பார்கள். பழைய இடத்தில் அடைத்த துளைகள் இருக்கும். நீர்த்தொட்டியின் மூடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குப் புதிதாகச் சுவர் எழுப்பியிருக்கும். மோட்டார் மேடை மேல் ஏறியிருக்கும். கேட்டின் இரு பக்கமும் தகடு செருகுவதற்கான இரும்புச் சட்டம் பதித்திருந்தால், அந்த வீட்டுக்காரர் வருடா வருடம் தண்ணீரை எதிர்பார்க்கிறார் என்று பொருள். புதிதாக வெள்ளையடித்த வீட்டின் வெளிச் சுவரை விட்டுவிட்டு, மாடிப்படிக்கு அடியிலும், பக்கத்துக் காலிமனையின் மதில் சுவரிலும், மின்கம்பத்திலும் கறைக்கோட்டைத் தேட வேண்டும்.

பிறகு மனிதர்களிடம் கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் மதிப்புக் குறையுமே என்று தயங்குவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுவார்கள். "தண்ணி வருமா?" என்று கேட்கக் கூடாது. "2015-ல இந்தத் தெருவுல எவ்வளவு உயரம் நின்னுச்சு? மிக்ஜாம்ல? எத்தனை நாள் கழிச்சு வடிஞ்சுது? கரண்ட் எப்ப வந்துச்சு? போட் எந்த முனை வரைக்கும் வந்துச்சு?" என்று ஆண்டும் அளவும் கேட்டால் பதிலும் அளவாக வரும்.

அடுக்குமாடியில் முதல் தளத்தில் வீடு, கீழே வண்டி நிறுத்தம் மட்டும்தான், ஆகவே கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வீடு நனையாது, உண்மை. ஆனால் மின்தூக்கியின் குழி, மோட்டார், மின்பலகை, நீர்த்தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு எந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் கீழேதான். பார்க்கப் போகும்போது ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். தரையோடு தரையாக இருந்தால், 3 அடி நீரில் அந்தக் கட்டடத்தின் எல்லா மாடியும் ஒன்றாக இருளும்.

நான்கு வீடுகளும் இந்தச் சோதனையில்

முடிச்சூர்த் தனி வீடு மற்ற எல்லாவற்றிலும் மனத்துக்குப் பிடித்தது: தோட்டம், கிணறு, வெயில் படும் மாடி. மட்டம் பார்த்ததில் தரை சாலையைவிட ஒன்றேகால் அடிதான் உயரம். தெரு ஆற்றுப் பக்கம் சரிகிறது. 2015-ல் இடுப்பளவு நின்றது என்று கடைக்காரர் சொல்கிறார். அந்தத் தெரு கூடாது. இதனால் முடிச்சூரே கூடாது என்று ஆகாது. முடிச்சூர் சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் வெள்ளம் பார்க்காத தெருக்கள் உண்டு. ஊரின் பெயரை வைத்துத் தள்ளுவதும் ஊரின் பெயரை வைத்து வாங்குவதும் ஒரே தவறுதான். இன்னொன்று: ஆற்றைத் தாண்டினால் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். ஒரே வெள்ளத்துக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள். புகார் மனு எங்கே கொடுப்பது என்பது முதல் வடிகால் பணி எப்போது நடக்கும் என்பது வரை இந்த எல்லைக்கோடு தலையிடும்.

பெரும்பாக்கத்துப் புதிய ஃபிளாட் கட்டடமாகப் பார்த்தால் தேறுகிறது. மேடு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஜெனரேட்டரும் உயரத்தில் இருக்கிறது. ஆனால் மேடு போடச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். நீர்நிலை அருகே பெரிய குடியிருப்பு கட்டும்போது நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்குவார்கள். மனையை இத்தனை மீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒன்றரை மீட்டர் உயர்த்தச் சொல்லியிருந்தால், அந்த இடத்தின் இயற்கை மட்டம் அவ்வளவு தாழ்வு என்று அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. மனை உயர்ந்துவிட்டது, அதற்குப் போகும் சாலை உயரவில்லை. மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை சதுப்பின் தென்பக்கத்தை ஒட்டிப் போகிறது. பெருமழையில் அங்கே நீர் நிற்கும். குடியிருப்பு தீவாகிவிடும். மாமியாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய இரவு அதுவாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லாமல் இங்கே வாங்கக் கூடாது.

பள்ளிக்கரணை பற்றி இன்னொரு செய்தி. சதுப்புநிலத்தின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) உத்தரவிட்டது. செல்வாக்கு மண்டலம், அதாவது சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி, வரையறுக்கப்படும் வரை அந்தத் தடை. இந்தப் பக்கம் வாங்குகிறவர் தமது சர்வே எண் எந்த இடத்தில் விழுகிறது, அன்றைய நிலை என்ன என்று சிஎம்டிஏவில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பே அனுமதி வாங்கி முடித்த கட்டடமா, இனிமேல் எழும் இரண்டாம் கட்டமா என்பதும் முக்கியம்.

ஊரப்பாக்கம் பலரும் நினைப்பதைவிட நல்ல தேர்வு. ரயிலில் கிண்டி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் சிறுசேரி என்று இரண்டு வேலைக்கும் வழி உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கம். ஆனால் நந்திவரம் ஏரியின் உபரிநீர் இந்த ஊர் வழியாகத்தான் ஆதனூருக்குப் போகிறது. பார்த்த ஃபிளாட்டின் மட்டம் தேறுகிறது. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தாழ்வான திருப்பம் தேறவில்லை. இது தள்ளிவைக்கும் குறை அல்ல.

சேலையூர் பக்கத்து ஃபிளாட் ஏரிக்கு நீர்வரத்து இருக்கும் பக்கம், சாலையைவிட இரண்டேகால் அடி உயரம். 2015-ல் தெருமுனையில் கணுக்கால் அளவு நின்று அன்றே வடிந்தது. கட்டடம் பழையது, மின்தூக்கி சிறியது, வண்டி நிறுத்த இடம் நெருக்கடி. இவையெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியவை.

பயணக் கணக்கு

தரகரோடு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டு "அலுவலகம் அரைமணி நேரம்தான்" என்று முடிவு செய்வது எல்லோரும் விழும் பள்ளம். செவ்வாய் அல்லது புதன், காலை 8 மணிக்கு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக இருக்கை வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்; மாலை 6.30-க்குத் திரும்ப வேண்டும். ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருக்கும் நேரம், தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறி இறங்கும் நேரம் எல்லாம் கணக்கில் வரும்.

திட்டமிடுவதற்காக மழையில்லாத வேலை நாளுக்கு ஒருவழி நேரத்தை இப்படி வைக்கலாம். முடிச்சூர்: கணவருக்கு 65 நிமிடம், மனைவிக்கு 90. பெரும்பாக்கம்: 75, 45. ஊரப்பாக்கம்: 75, 65. சேலையூர்: 55, 80. கணவர் வாரம் 6 நாள், மனைவி 3 நாள் என்று பெருக்கினால் குடும்பத்தின் வாராந்திரப் பயணம் முடிச்சூரில் 22 மணி நேரம், பெரும்பாக்கத்தில் 19.5, ஊரப்பாக்கத்தில் 21.5, சேலையூரில் 19. நான்குக்கும் இடையே வித்தியாசம் வாரத்துக்கு 3 மணி நேரம்தான், அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து. வீடு தேடுகிறவர்கள் பயணத்தை வைத்தே நான்கு மாதம் வாதாடுவார்கள். எழுதிப் பெருக்கினால் அது முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை என்பது பல குடும்பங்களுக்கும் தெரியவரும். மனைவியின் 3 நாள் 5 நாளானால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது பெரும்பாக்கம் 22.5, சேலையூர் 24.3. அதாவது சேலையூரின் சாதகம் போய்விடுகிறது, ஆனால் இழப்பு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

நிமிடத்தைவிட வழி முக்கியம். தாம்பரம்–கடற்கரை மின்ரயில் மழையிலும் பெரும்பாலும் ஓடும், தண்டவாளம் மூழ்கும் நாள் வரை. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நேரமாகும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைப்பது 55 வயதில் பெரிய விஷயம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகவும், மாதவரம்–சிறுசேரி தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகவும் வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் விற்பவர் அந்த மெட்ரோவின் விலையை இன்றே கேட்கிறார். ஓடாத ரயிலுக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் பணத்துக்கு இத்தனை வருட வட்டி எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

குடிநீரும் கழிவுநீரும்

வெள்ளத்தில் மூழ்கும் அதே ஊர்கள் மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது எல்லோரும் அதைப் பட்டார்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறத் திட்ட அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். 40 வீடுள்ள குடியிருப்புக்கு 21,600 லிட்டர். ஆழ்துளைக் கிணறு வற்றினால் 12,000 லிட்டர் லாரி தினம் இரண்டு. அதனால் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்க வேண்டியது சராசரிப் பராமரிப்புக் கட்டணம் அல்ல, போன மே மாதத்துக் கணக்கு. அதில் லாரிக்கு எவ்வளவு என்பது தனியாக இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை டிடிஎஸ் கருவியால் (நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பதும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பதும் இந்தியத் தர நிர்ணயம். மார்கழியில் 600 காட்டும் கிணறு சித்திரையில் 1,500 காட்டலாம். ஆகவே கோடையில் அளந்த எண்தான் எண்.

உள்ளாட்சி எது என்பதும் இங்கேதான் வேலை செய்கிறது. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. சேலையூர் அதற்குள் வருகிறது. முடிச்சூர், பெரும்பாக்கம், ஊரப்பாக்கம் ஊராட்சிகளாகவே இருந்துவந்தவை. இணைப்புப் பேச்சு எப்போதும் உண்டு. வாங்கும் நாளில் நிலை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் கழிவுத்தொட்டியும் லாரியும்தான். நிலத்தடி நீர் மேலே வரும் கார்த்திகையில் தொட்டி உறிஞ்சாது. கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. தெருவில் ஆள்நுழைக் குழி மூடிகள் இருந்தால் மட்டும் போதாது, இணைப்பு கொடுத்து ஓடுகிறதா என்று ஒரு வீட்டிலாவது கேட்க வேண்டும்.

காகிதங்களில் தெரியும் நீர்வழி

வழக்கறிஞரின் கருத்துரை உரிமையைப் பார்க்கும், வெள்ளத்தைப் பார்க்காது. அதற்கு வேறு காகிதங்கள். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுக்கலாம். அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நன்செயா புன்செயா என்று இருக்கும். நன்செய் என்றால் ஏரிப் பாசன வயல். பக்கத்துச் சர்வே எண்களையும் பாருங்கள்: ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று ஒன்று இருந்தால், புலப்படத்தில் அது எந்தக் கோட்டில் போகிறது என்று தொடர்ந்து போய், தரையில் அது இன்று என்னவாக இருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். படத்தில் 6 மீட்டர் வாய்க்கால் இருந்து தரையில் தெரு மட்டும் இருந்தால், மழை பெய்யும்போது அந்தத் தெருதான் வாய்க்கால். இந்த ஒரு சோதனைக்கு அரைநாள் ஆகும். நூறு பேரில் ஐந்து பேர்கூடச் செய்வதில்லை என்பது வருத்தமான விஷயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வில்லங்கச் சான்றிதழ் குறைந்தது 30 வருடத்துக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீட்டுக்கு மேல் உள்ள புதிய திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண். தனி மனை என்றால் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லா மனை என்றால் வரன்முறைப்படுத்திய ஆணை. கட்டடத்துக்கு அனுமதி வரைபடமும் பணி நிறைவுச் சான்றும். வரைபடத்தில் நான்கு வீடு, தரையில் ஆறு வீடு என்றால் வேண்டாம்.

75 லட்சத்தில் எவ்வளவுக்கு வீடு பார்க்கலாம்? பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 66 லட்சம் என்றால் 5.94 லட்சம். தரகு 1 முதல் 2 விழுக்காடு, வழக்கறிஞர், சிறு பழுதுகள் சேர்த்தால் 74-ஐத் தொடும். புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் முதல் 3 கோடி வரை மொத்தம் 7 விழுக்காடு. அதே 66 லட்சத்தில் 1.32 லட்சம் மிச்சம். பெரும்பாக்கத்துக்கு இது ஒரு சாதகம். ஒரு வெள்ளத்தில் நனைந்த காரின் பழுதுச் செலவைவிடப் பெரிய சாதகம் அல்ல.

முடிவும் அதைச் செய்யும் முறையும்

இந்தக் குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை சேலையூர் பக்கம், இரண்டாவது ஊரப்பாக்கம். ஆனால் உடனே வாங்கச் சொல்லவில்லை. ஆவணி அல்லது புரட்டாசியில் அதே தெருவில், முடிந்தால் அதே குடியிருப்பில் வாடகைக்குப் போய் ஐப்பசியும் கார்த்திகையும் இருந்து பார்க்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். சென்னையில் இன்றும் அதிகமாகக் கேட்பவர்கள் உண்டு, பேசிக் குறைக்கலாம். வாடகை வீண் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சில மாத வாடகை 66 லட்ச முடிவுக்கு முன் மிகச் சிறிய தொகை.

அந்த மாதங்களில் குறித்துவைக்க வேண்டியவை இருக்கின்றன. ஒரே நாளில் 6 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த நாட்களில் தெருமுனையில் எவ்வளவு நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது. மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது. செம்பாக்கம் ஏரியின் கலங்கல் எந்தத் தேதியில் வழியத் தொடங்கியது. மழை நாளில் மகளின் பள்ளி வேன் வந்ததா. கிண்டிக்கும் சிறுசேரிக்கும் அன்று எத்தனை நிமிடம் கூடுதலாயிற்று. அந்த வருடம் மழை குறைவாக இருந்தால் இந்தக் குறிப்புகள் போதா. தெருக்காரர்கள் சொன்ன 2015, 2021, 2023 அளவுகளையே நம்ப வேண்டும்.

தையில் விலை பேசலாம். முன்பணமாக 1 லட்சத்துக்கு மேல் கொடுக்காமல், விற்பனை ஒப்பந்தத்தில் 60 நாள் அவகாசம் வாங்கி, அ-பதிவேட்டிலோ புலப்படத்திலோ நீர்நிலைப் புறம்போக்கு தட்டுப்பட்டால், அல்லது பணி நிறைவுச் சான்று காட்டப்படாவிட்டால், முன்பணம் முழுவதும் 15 நாளில் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற வரியை எழுதிக்கொள்ள வேண்டும். விற்பவர் இந்த வரிக்கு மறுத்தால், அதே குடியிருப்பில் அடுத்த ஃபிளாட் விற்பனைக்கு வரும் வரை வாடகையிலேயே இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் ஆறேழு மாதம் மீதி இருக்கிறது, சித்திரையில் கிணற்று நீரையும் அளந்துவிடலாம்.